பிடோஸ் செய்வது எப்படி? சாமி சமையல், ஆனால் கோயில் சாமி இல்லை

குடமுருட்டி எழுதியது:

வணக்கம். தலைப்பைப் பார்த்துவிட்டு யாரும் புளியோதரை செய்முறையோடு வந்துவிட வேண்டாம். நார்வே, ஸ்வீடன், பின்லாந்து மூன்றின் வடகோடியிலும் ரஷ்யாவின் கோலா தீபகற்பத்திலும் வாழ்கிற பூர்வகுடி மக்களுக்குச் சாமி என்று பெயர். அவர்கள் கல்யாணத்தில் போடுகிற சாப்பாடுதான் பிடோஸ். துருவமான் கறியைத் தண்ணீரில் போட்டு மெல்ல வேகவிட்டு, அதில் உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயம், உப்பு. அவ்வளவுதான். மசாலாவும் கிடையாது, தாளிப்பும் கிடையாது.

நான் மூன்று வருடம் நார்வேயில் ஆல்டா என்ற ஊரில் வேலை பார்த்தேன். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் வேலையை விட்டுவிட்டு வந்து, இப்போது திருவையாற்றுப் பக்கம் எங்கள் ஒன்பது மா நிலத்தோடு இருக்கிறேன். அங்கே கூட வேலை பார்த்த நண்பர் ஒருவர் சாமி. அவர் தங்கை கல்யாணத்துக்கு ஈஸ்டர் சமயத்தில் கௌட்டோகெய்னோ என்ற ஊருக்குக் கூட்டிப் போனார், ஆல்டாவிலிருந்து 130 கிலோமீட்டர் இருக்கும். மந்தையை ஓட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் கிளம்புவதற்கு முன்னால் எல்லாரும் ஊரில் இருக்கிற நேரம் என்பதால் அங்கே கல்யாணமெல்லாம் அப்போதுதான், நம்மூரில் தை பிறந்ததும் வரிசையாக முகூர்த்தம் வருவது போல. நூற்றுக்கணக்கில் கூட்டம், நீலமும் சிவப்புமாகக் காக்தி என்ற தங்கள் பாரம்பரிய உடை உடுத்தியவர்கள், நீள நீளமான மேஜை, அண்டா அண்டாவாகப் பிடோஸ். முதல் வாயில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற பத்தியச் சாப்பாடு மாதிரி இருந்தது. மூன்றாவது கிண்ணம் வாங்கும்போது வெட்கமாகப் போய்விட்டது.

பிப்ரவரி 6 சாமி மக்களின் தேசிய நாள். 1917இல் நார்வேயின் ட்ரொன்ஹெய்மில் எல்லைகளைத் தாண்டி அவர்கள் முதல் மாநாடு கூட்டிய தேதி அது. அன்றைக்கு நண்பருடன் வீடியோவில் பேசிக்கொண்டே நானும் இங்கே பிடோஸ் சாப்பிட வேண்டும் என்று போன வருடம் ஆசைப்பட்டு இரண்டு தடவை செய்தேன், இரண்டும் கெட்டது. முதல் தடவை வெள்ளாட்டுக் கறி, குக்கரில் ஆறு விசில். கறி நாராகப் போய், உருளைக்கிழங்கு கரைந்து, மேலே ஒரு முடை வாசம் வேறு. இரண்டாவது தடவை குக்கரை விட்டுவிட்டுக் குண்டானில் வைத்தேன். நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. நான் வாய்க்கால் மடை பார்க்கப் போய்விட்டு வருவதற்குள் அம்மா இரண்டு கரண்டி இஞ்சி பூண்டு விழுதைப் போட்டு, "கறியை இப்படியா அம்போவென்று விடுவது" என்று பட்டை சோம்பும் தாளித்துவிட்டார். பிரமாதமான குழம்பு. பிடோஸ் இல்லை.

இந்த வருடம் சரியாகச் செய்ய வேண்டும். எந்தக் கறி வாங்கலாம், முடை வாசத்தை மசாலா இல்லாமல் எப்படிப் போக்குவது, அந்த ஊர் உருளைக்கிழங்குக்கு இங்கே எது ஈடு, எதோடு சாப்பிடுவது? கடைசியில் அவர்கள் காபிக்குள் ஒரு பாலாடைக்கட்டித் துண்டைப் போட்டுக் குடிப்பார்கள், அதற்கும் யாராவது வழி சொன்னால் புண்ணியமாகப் போகும்.

தஞ்சாவூர்க் கதம்பம் எழுதியது:

சாமி சமையல் என்றதும் மடப்பள்ளி விஷயம் என்று ஓடிவந்து ஏமாந்தேன். கோயில் இல்லை என்று நீங்கள் போட்டதைக் கண்ணாடி போட்ட பிறகுதான் பார்த்தேன். நான் சைவம், கறியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனால் காபிக்குள் கட்டி என்கிறீர்களே, அது என்ன கட்டி, எதில் செய்வார்கள் என்று விவரமாக எழுதுங்கள். மனசுக்குள் ஒன்று தோன்றுகிறது, தெரிந்துகொண்டு சொல்கிறேன். அம்மாவைக் குறை சொல்லாதீர்கள், அடுப்பில் தாளிக்காமல் ஒன்று கொதிப்பதைப் பார்த்தால் எனக்கும் கை சும்மா இருக்காது.

ஓய்வு கால்நடை எழுதியது:

தம்பி, கால்நடைத் துறையில் முப்பத்தோரு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன் நான், இப்போது பாபநாசத்தில் ஜாகை. ஆட்டைப் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன், நீண்டுபோனால் பொறுத்துக்கொள்ளவும்.

வெள்ளாட்டைத் தேர்ந்தெடுத்தது தப்பே இல்லை. துருவமான் கறி கொழுப்புக் குறைந்தது, வெள்ளாடும் அப்படித்தான். செம்மறியில் கொழுப்பு அதிகம், மசாலா இல்லாத சாற்றில் அந்தக் கொழுப்பு நாக்கில் மெழுகு போலப் படியும். ஆகவே வெள்ளாடே சரி. நீங்கள் தப்புச் செய்தது வேறு மூன்று இடத்தில் என்று நினைக்கிறேன்.

ஒன்று, எந்த ஆடு என்று கேட்காமல் வாங்கியிருப்பீர்கள். முடை வாசம் கொழுப்பில்தான் தங்குகிறது, அதுவும் காயடிக்காத, வயசுக்கு வந்த கிடாய் என்றால் கேட்கவே வேண்டாம். இஞ்சி பூண்டு, பட்டை கிராம்பு எல்லாம் சுவைக்காக மட்டும் வந்ததில்லை, பாதி அந்த வாசத்தை அமுக்குவதற்காக வந்தவை. அதை நீக்கிவிட்டுச் சமைக்கப் போகிறீர்கள் என்றால் ஆரம்பத்திலேயே வாசம் இல்லாத ஆடாகப் பார்க்க வேண்டும். காயடித்த கிடாய், ஒரு வருஷத்திலிருந்து ஒன்றரை வருஷம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இதையெல்லாம் கேட்டால் கறிக்கடைக்காரர் கத்தியைக் காட்டுவார், அதனால் முதல் நாளே போய்ச் சொல்லிவையுங்கள். கழுத்தும் முன்னந்தொடையும் எலும்போடு. வெளியே ஒட்டியிருக்கிற வெள்ளைக் கொழுப்பை வீட்டில் உட்கார்ந்து பொறுமையாகச் சீவி எடுத்துவிடுங்கள். கழுவ மஞ்சள் போட்டே தீர வேண்டும் என்று அம்மா சொன்னால் போடட்டும், அப்புறம் நன்றாக அலசிவிடுங்கள்.

இரண்டாவது, இதை யாரும் நம்ப மாட்டார்கள்: புதுக் கறி உங்களுக்கு எதிரி. காலை ஐந்து மணிக்கு அறுத்த ஆட்டை ஏழு மணிக்கு வாங்கி எட்டு மணிக்கு அடுப்பில் ஏற்றுகிறோம், அதில் நமக்குப் பெருமையும் உண்டு. ஆனால் அறுத்த சில மணி நேரத்தில் தசை விறைத்துக்கொள்ளும், அது தளர ஒரு நாளாவது ஆகும். நாம் விறைத்த கறியைக் குக்கரில் போட்டு மிரட்டிப் பணிய வைக்கிறோம். உங்கள் நண்பர் ஊரில் இலையுதிர் காலத்திலும் குளிரிலும்தான் மான் அறுப்பார்கள், வாசலில் தொங்கவிட்டாலே குளிர்பெட்டிதான். நம்மூரில் தொங்கவிட்டால் மத்தியானத்துக்குள் ஈக்குச் சொந்தம். ஆகவே வாங்கி வந்ததும் பாத்திரத்தில் மூடி ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் ஒன்றரை நாள். கழுவாமல் வையுங்கள், சமைக்கும்போது கழுவினால் போதும்.

மூன்றாவது நுரை. கறி மூழ்கப் பச்சைத் தண்ணீர் ஊற்றி, மெல்லச் சூடேற்றி, மேலே கட்டுகிற சாம்பல் நிற நுரையைக் கரண்டியால் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கொதித்துப் புரளவிட்டால் அந்த நுரை சாற்றோடு கலந்து கலங்கிவிடும், பிறகு ஒன்றும் செய்ய முடியாது. குமிழ் ஒன்றிரண்டு மட்டும் வரவேண்டும். இரண்டு மணி நேரம். விசில் என்ற பேச்சே கூடாது.

வேதாரண்யம் உப்பு எழுதியது:

மான் கறி என்று எழுதியதைப் பார்த்துப் பயந்துவிட்டேன். எங்கள் பக்கம் கோடியக்கரையில் வெளிமான் கூட்டம் கூட்டமாக நிற்கும், 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தில் முதல் பட்டியலில் இருக்கிற மிருகம். எவனாவது இந்தப் பதிவைப் படித்துவிட்டு "மானில் செய்தால் இன்னும் நன்றாக இருக்குமாம்" என்று கிளம்பாமல் இருக்க வேண்டும். துருவமான் என்பது அவர்கள் வளர்க்கிற மந்தை, நம் ஆடு மாதிரி, என்று பெரிய எழுத்தில் போட்டுவிடுங்கள்.

குடமுருட்டி எழுதியது:

போட்டாச்சு அண்ணே. மந்தைதான், ஒவ்வொரு மானின் காதிலும் சொந்தக்காரரின் வெட்டு அடையாளம் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு நான் அப்பாவியாக "உங்களுக்கு மொத்தம் எத்தனை மான்" என்று நண்பரிடம் கேட்டுவிட்டேன். அங்கே அப்படிக் கேட்கவே கூடாதாம், பேங்கில் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பதற்குச் சமமாம்.

ஓய்வு கால்நடை ஐயா, மிக்க நன்றி. விசிலை நினைத்தால் இப்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது.

மதிலழகு எழுதியது:

சொந்த ஊர் மன்னார்குடி, பதினோரு வருஷமாக இருப்பது வடக்கு நார்வேயில் ட்ரொம்சோ. இந்தத் திரியை ராத்திரி ஷிப்டில் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். இங்கே பிப்ரவரி 6ஐ ஒட்டி ஒரு வாரம் கொண்டாட்டம், நடுவீதியில் பனியில் துருவமான் பந்தயம் விடுவார்கள், கிட்டத்தட்ட நம் ரேக்ளா மாதிரி, மானுக்குப் பின்னால் ஆள் ஸ்கீ கட்டையில் இழுபட்டுப் போவார். பக்கத்திலேயே கூடாரத்தில் பிடோஸ் விற்கும். ஆகவே கொஞ்சம் அதிகாரத்தோடு பேசலாம் என்று நினைக்கிறேன்.

முதலில், மான் இல்லாமல் செய்தால் அது பிடோஸ் ஆகுமா என்று யாராவது கேட்பார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி சாமி, அவரிடம் கேட்டேன். "ஆட்டில் செய்தால் ஆட்டு பிடோஸ்" என்றார், அதோடு முடித்துக்கொண்டார். வெளியாட்கள் நினைப்பது போல் சாமிகள் எல்லாரும் மான் மேய்ப்பவர்கள் இல்லை, மேய்ப்பவர்கள் சிறுபான்மைதான். நார்வேயின் கடற்கரையில் இருக்கிற சாமிகள் காலம் காலமாக மீன் பிடித்து வாழ்ந்தவர்கள், இந்தப் பாட்டியும் அந்த வழிதான், சின்ன வயசில் வாரத்தில் ஐந்து நாள் மீன் என்கிறார். உருளைக்கிழங்கை எடுத்துக்கொள்ளுங்கள், அது நார்வேக்கே 18ஆம் நூற்றாண்டில் வந்த வரவு. பாரம்பரியம் என்று சொல்கிற சட்டிக்குள்ளேயே அசலூர்க்காரன் உட்கார்ந்திருக்கிறான்.

உருளைக்கிழங்கு விஷயம்தான் முக்கியம். இங்கே பாதாம் உருளை என்று ஒன்று, விரல் நீளத்தில், மாவுப்பதமாக இருக்கும். வெந்ததும் ஓரம் கரைந்து சாறு தானாகக் கொஞ்சம் கெட்டியாகும். மாவு கரைத்து ஊற்றுவதெல்லாம் கிடையாது. அங்கே நீங்கள் இரண்டு தவணையாகப் போடுங்கள்: கறி முக்கால் வெந்ததும் நன்றாக முற்றிய பழைய உருளைக்கிழங்கில் இரண்டைச் சின்னதாக நறுக்கிப் போட்டால் அது கரைந்து கெட்டி கொடுக்கும். கடைசி இருபது நிமிஷத்தில் மீதியைப் பெரிய துண்டாகப் போட வேண்டும். தை மாதம் என்பதால் பொங்கலுக்கு வந்த சிறுகிழங்கு இன்னும் கிடைக்கும் இல்லையா, அந்தக் கடைசித் தவணையில் பாதி சிறுகிழங்கு போட்டுப் பாருங்கள். கரையாது, மண் வாசம் இருக்கும். போன தடவை ஊருக்கு வந்தபோது சாம்பாரில் அதைத் தின்றுவிட்டு, இது பிடோசுக்கு என்றே முளைத்தது என்று நினைத்தேன், ஆனால் மன்னார்குடியில் என் அக்காவிடம் இதைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்ளத் தைரியம் இல்லை. வெங்காயம் சின்ன வெங்காயமே போதும், முழுசாக, வதக்காமல். கேரட்டைக் கொட்டிவிடாதீர்கள், சாறு இனிப்பாகிவிடும், ஒரு கிலோ கறிக்கு மூன்று போதும். மிளகு ஏழெட்டு முழுசாகப் போடலாம், இங்கேயும் சிலர் போடுகிறார்கள். அதைச் சாக்காக வைத்து அம்மா பொடித்துப் போட ஆரம்பித்தால் நான் பொறுப்பில்லை.

அப்புறம் நாக்கும் இதயமும். கல்யாணப் பிடோசில் வெறும் சதை மட்டும் இருக்காது, இவை இரண்டும் சேர்ந்தால்தான் சாற்றுக்கு ஓர் ஆழம் வரும். நம்மூரில் தலைக்கறியோடு நாக்கு வந்துவிடும், தனியாகக் கேட்டாலும் கொடுப்பார்கள். வெந்ததும் தோலை உரித்துவிட்டு நறுக்கிப் போட வேண்டும்.

காபிக்குக் கட்டி என்பது சாமி மொழியில் காஃபெவுவோஸ்தா, காபிப் பாலாடைக்கட்டி என்றுதான் அர்த்தம். முன்பு துருவமான் பாலில் செய்தார்கள், இப்போது மாட்டுப்பால்தான். பின்லாந்துப் பக்கம் இதற்கு உறவுமுறையான ஒரு கட்டியை அந்தக் காலத்தில் கன்று போட்ட மாட்டின் முதல் பாலில் செய்து, நெருப்புக்கு நேரே வைத்து மேல் தோல் புள்ளி புள்ளியாகச் சிவக்கிற மாதிரி சுடுவார்கள். சூடான கடுங்காபிக்குள் போட்டால் கரையாது, பஞ்சு மாதிரி காபியை இழுத்துக்கொள்ளும், கடித்தால் பல்லில் கீச் கீச்சென்று சத்தம் வரும். குடித்து முடித்ததும் அடியில் இருப்பதைக் கரண்டியால் எடுத்துத் தின்பார்கள். காய்ந்த மான் கறியைக்கூடக் காபியில் போட்டு ஊறவைப்பவர்கள் உண்டு. அதற்கு என் வாய் இன்னும் பழகவில்லை.

ஒரு விஷயம், ஆல்டாவில் இருந்தேன் என்றதும் நினைவுக்கு வந்தது. அந்த ஆற்றில் அணை கட்டக்கூடாது என்று 1979இல் ஒஸ்லோவில் நாடாளுமன்றத்துக்கு எதிரே சாமி இளைஞர்கள் கூடாரம் போட்டு உண்ணாவிரதம் இருந்தார்கள். அணையை நிறுத்த முடியவில்லை. ஆனால் அந்தச் சண்டையில் கிளம்பியதுதான் 1989இல் நார்வேயின் காராஷோக் என்ற ஊரில் திறந்த சாமி நாடாளுமன்றம் வரைக்கும் கொண்டுபோய் விட்டது. மேட்டூர்த் தண்ணீரை எண்ணிக்கொண்டு வளர்ந்தவனுக்கு இந்தக் கதையைக் கேட்டால் ஒரு மாதிரி இருக்கும். சரி, திரி சமையலைப் பற்றியது, நிறுத்திக்கொள்கிறேன்.

உளுந்துக் கொல்லை எழுதியது:

ஒரத்தநாட்டுப் பக்கம் விவசாயம். இந்த மந்தைக் கதையைப் படித்ததும் எங்கள் கீதாரிகள் ஞாபகம் வந்துவிட்டது. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வருஷா வருஷம் செம்மறிக் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு வருவார்கள். சம்பா அறுத்து, உளுந்தும் எடுத்த பிறகு பங்குனி சித்திரையில் எங்கள் வயலில் கிடை போடுவார்கள். ராத்திரியெல்லாம் ஆடு அடைந்து கிடக்கிற இடம் அடுத்த பட்டத்துக்கு உரம், கிடைக்கு ராத்திரிக் கணக்கில் கூலி. மேட்டூர் ஜூன் 12இல் திறக்கும் என்ற பேச்சு வந்ததும் சாமான் மூட்டையைக் கட்டிவிடுவார்கள், குறுவைக்குத் தண்ணீர் வந்தால் ஆட்டுக்கு நிற்க இடம் ஏது. நாலைந்து குடும்பத்து ஆடு ஒன்றாகச் சேர்ந்துதான் ஒரு கிடை. அந்த ஊரிலும் இப்படிச் சில குடும்பங்கள் சேர்ந்து மந்தையைப் பார்த்துக்கொள்வார்களா?

எதற்குச் சொல்கிறேன் என்றால், ஒரு தடவை கால் ஒடிந்த ஆடு ஒன்றை அறுத்து வரப்பு ஓரத்தில் சமைத்தார்கள், என்னையும் உட்கார வைத்தார்கள். கறி, தண்ணீர், கல் உப்பு, கிள்ளிப் போட்ட வரமிளகாய் நாலு. வேறு ஒன்றும் இல்லை, அரைக்க அம்மிக்கு எங்கே போவது. இன்றைக்கு வரைக்கும் அந்த ருசி வீட்டில் வரவில்லை. செம்மறிதான், ஆனால் பகலெல்லாம் நடந்த ஆடு. ஐயா சொன்னது போல் கொழுப்பு நாக்கில் படிந்ததாக எனக்கு நினைவில்லை, பசியில் தெரியாமலும் இருந்திருக்கலாம்.

இன்னொன்று, காய்ந்த மான் கறி என்று மதிலழகு எழுதியிருக்கிறாரே, நம் உப்புக்கண்டம்தான் அது. தை மாத வெயிலில் ஐந்து நாளில் காய்ந்துவிடும். மிளகாய்த்தூள் போடாமல் உப்பும் துளி மஞ்சளும் மட்டும் தடவி, நூலில் கோத்து, பனி இறங்குவதற்குள் சாயங்காலமே உள்ளே எடுத்துவிட வேண்டும். பிடோஸ் கொதிக்க ஆரம்பிக்கும்போதே கைப்பிடி உப்புக்கண்டத்தைத் தட்டிப் போட்டுவிடுங்கள். சாற்றுக்குக் கெட்டியான கறி ருசி அதிலிருந்து வரும். ஆனால் உப்பைக் கடைசியில் பார்த்துப் போடுங்கள்.

மதிலழகு எழுதியது:

உளுந்துக் கொல்லை அண்ணே, அதே கதைதான். அதற்கு சீடா என்று பெயர், சில குடும்பங்கள் சேர்ந்து மந்தை பார்க்கிற கூட்டு. இவர்கள் கறி காயப்போடுவது வசந்தத்தில், பகலில் வெயிலும் ராத்திரி உறைபனியுமாக இருக்கும்போது. பிடோசில் உப்புக்கண்டம் போடும் யோசனை எனக்குத் தோன்றவில்லையே என்று பொறாமையாக இருக்கிறது.

தஞ்சாவூர்க் கதம்பம் எழுதியது:

கன்று போட்ட மாட்டின் முதல் பால் என்றாரே, நான் நினைத்தது சரியாகப் போச்சு! சீம்பால்! இதற்கு நீங்கள் நார்வே வரைக்கும் போயிருக்க வேண்டியதில்லை, பக்கத்துத் தெருவில் மாடு கன்று போட்டிருக்கிறதா என்று விசாரித்தால் போதும்.

நாம் வெல்லமும் ஏலக்காயும் போட்டு ஆவியில் வேகவைப்போம். நீங்கள் வெல்லத்தை விட்டுவிடுங்கள். முதல் நாள் பால் மஞ்சளாக, ரொம்பக் கெட்டியாக இருக்கும், அதில் சரிபாதி சாதாரணப் பால் கலந்து, ஒரு சிட்டிகை உப்பு போட்டு, தட்டில் ஒரு விரற்கடை உயரத்துக்கு ஊற்றி இட்லிப் பானையில் வையுங்கள். உறைமோர், எலுமிச்சை எதுவும் வேண்டாம், சூடு பட்டாலே தானாகக் கட்டிக்கொள்ளும் பால் அது. ஆறியதும் மெல்லிய துணியில் சுற்றி, மேலே குழவியை வைத்து ஒரு ராத்திரி தண்ணீர் வடியவிடுங்கள், இல்லாவிட்டால் காபியில் உதிரும். மறுநாள் துண்டு போட்டுக் காய்ந்த தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல் இரண்டு பக்கமும் சிவக்கச் சுடுங்கள். கீச் கீச் சத்தத்துக்கு நான் உத்தரவாதம் தர முடியாது.

காபிக்கு டிகிரி காபி ஆகாது. பாலுக்குள் பால் கட்டியைப் போடுவதில் என்ன இருக்கிறது. காபிப்பொடி அரைக்கிற கடையில் சிக்கரி இல்லாமல், இளவறுப்பாக, கொரகொரவென்று அரைத்துத் தரச் சொல்லுங்கள், ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. அதைத் தண்ணீரில் போட்டு ஒரு கொதி விட்டுத் தெளியவைத்து ஊற்றுங்கள். கும்பகோணத்தில் பிறந்துவிட்டு இப்படி எழுதுவதற்கு எனக்கு மனசு வரவில்லைதான்.

ஓய்வு கால்நடை எழுதியது:

சீம்பால் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கன்று பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் அதற்கு வயிறு நிறையச் சீம்பால் போக வேண்டும், நோய் எதிர்ப்பே அதில்தான் கிடைக்கிறது. கன்று குடித்தது போக மிஞ்சியதைக் கேளுங்கள். மாட்டுக்காரரிடம் பணத்தைக் காட்டி முதல் கறவையையே தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

உளுந்துக் கொல்லைக்கு: நடந்த ஆடு என்று சொன்னது சரிதான். செம்மறி விஷயத்தில் உங்கள் அனுபவத்துக்கு எதிராக நான் வாதாட வரவில்லை.

குடமுருட்டி எழுதியது:

செய்தாயிற்று. இன்றைக்கு பிப்ரவரி 6, ராத்திரி மணி பத்தரை, பாத்திரத்தை இன்னும் கழுவவில்லை.

நாலாம் தேதி சாயங்காலமே ஆடு சொல்லிவைத்து, ஐந்தாம் தேதி விடியற்காலையில் கறி வாங்கி, ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டேன். "வாங்கின கறியைச் சமைக்காமல் வைத்திருக்கிறானே, யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்" என்று அம்மா இரண்டு நாளாகப் புலம்பல். உப்புக்கண்டம் வீட்டில் இருந்ததெல்லாம் மிளகாய் போட்டது, அதனால் பெரியம்மா வீட்டிலிருந்து கொஞ்சம் வாங்கி வந்தேன், அவர் மிளகாய் சேர்ப்பதில்லை. கொல்லைப்புறத்தில் மூன்று கல் வைத்துச் சீமைக்கருவேல விறகில் மூட்டினேன். பெரிய வேலை நுரை எடுப்பதுதான், அரை மணி நேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போயிற்று. அம்மா பக்கத்திலேயே முறத்தைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். எதற்கென்று எனக்குத் தெரியும், அதனால் நானும் எழுந்திருக்கவில்லை, மடைக்குத் தம்பியை அனுப்பினேன்.

ஒன்றே முக்கால் மணி நேரத்தில் கறி எலும்பை விட்டது. சாறு தெளிவாக, தேன் நிறத்தில் வந்திருந்தது, உப்புக்கண்டத்தின் வேலை என்று நினைக்கிறேன். முடை வாசம் சுத்தமாக இல்லை. சிறுகிழங்கு நன்றாக இருந்தது, ஆனால் தோலை இன்னும் கவனமாக எடுத்திருக்க வேண்டும், இரண்டு மூன்று வாய் மண் கடித்தது. நாக்கை உரிக்கத் தெரியாமல் பிய்த்துவிட்டேன், ஆறவிடக்கூடாதாம், சூட்டோடு உரித்தால்தான் வருமாம், இதை நண்பர் வீடியோவில் சிரித்துக்கொண்டே சொன்னார். ரொட்டிக்கு கோதுமை மாவு, ஈஸ்ட், பால், கொஞ்சம் வெல்லப்பாகு, சோம்பு போட்டுத் தோசைக்கல்லில் தடியாகச் சுட்டேன். அங்கே காஹ்க்கு என்பார்கள், அதிலும் சிலர் சோம்பு சேர்ப்பது உண்டு. தட்டில் சோம்பு வாசம் வந்ததும்தான் அம்மா முகத்தில் சிரிப்பே வந்தது.

அப்பா ரொட்டியைத் தொடவில்லை. சோற்றில் சாற்றை ஊற்றி, ஒன்றும் பேசாமல் இரண்டு தட்டுச் சாப்பிட்டு, நார்த்தங்காய் ஊறுகாய் கேட்டார். கொடுத்தேன். கல்யாணத்தில் இதோடு புளிப்பாக லிங்கன்பெர்ரி என்ற சிவப்புப் பழம் வைத்திருந்தார்கள், அந்த இடத்துக்கு ஊறுகாய் போதும் என்று விட்டுவிட்டேன். களாக்காய்க் காலம் வந்தால் அதில் ஜாம் போட்டு வைத்துக்கொள்ளலாம் என்று ஓர் எண்ணம்.

நண்பர் திரையில் பார்த்துவிட்டு, கிண்ணத்தை இன்னும் பக்கத்தில் காட்டு என்றார். ரொம்ப நேரம் பார்த்தார். "கேரட் அதிகம்" என்றார். மூன்றுதான் போட்டேன் மதிலழகு அண்ணே, சத்தியமாக.

அம்மா என்ன சொன்னார் என்று கேட்பீர்கள். "பத்தியத்துக்கு நல்லது" என்றார். இப்போது சட்டியில் ஒரு கால் பங்கு மிஞ்சியிருக்கிறது, அதை எடுத்து மூடி அவர் தன் பக்கம் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். நாளைக் காலை இட்லிக்கு அது என்னவாக வரும் என்று எனக்குத் தெரியும், தடுக்கப் போவதில்லை.

கடுங்காபி மட்டும் இன்றைக்குப் போட்டேன், கட்டி இல்லாமல். எதிர்வீட்டு மாடு மாசிக் கடைசியில் கன்று போடும் என்கிறார்கள். கன்று குடித்தது போக எவ்வளவு கிடைக்கிறது என்று பார்த்துவிட்டு, கதம்பம் அக்கா சொன்ன அளவில் செய்து இங்கேயே எழுதுகிறேன்.